எக்ஸாஸ்ட் அலைன்மென்ட்: சைலன்சர் ஏன் எதையும் தொடாமல் தொங்க வேண்டும்?

புதுச் சைலன்சர் போட்ட வண்டியில் புதுச் சத்தம் கேட்பது சர்வ சாதாரணம். பழையது ஓட்டை விழுந்து உறுமிக்கொண்டிருந்தது. மாற்றியதும் உறுமல் நின்றுவிட்டது. ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடியில் 'டொக்' என்று ஒரு இடி. ரிவர்ஸ் எடுக்கும்போது காலடியில் ஒரு அதிர்வு. ஏசியைப் போட்டுவிட்டு சிக்னலில் நின்றால் சீட் வரைக்கும் ஒரு ரீங்காரம். வாங்கிப் போட்ட பாகத்தில் பெரும்பாலும் குறை இருக்காது. மாட்டிய விதத்தில்தான் இருக்கும். பைப் தன் இடத்தில் உட்காராமல் எதையோ தொட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது எங்கோ இழுபட்டு நிற்கிறது. அதைச் சரியாக உட்காரவைப்பதுதான் எக்ஸாஸ்ட் அலைன்மென்ட். சக்கரத்துக்குப் பார்க்கிற வீல் அலைன்மென்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதற்கென்று தனி மெஷினும் கிடையாது. கண், கை, ஒரு டேப், நல்ல வெளிச்சம், கொஞ்சம் பொறுமை, இவ்வளவுதான் வேண்டும்.

முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எஞ்சின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் பைப்பின் ஒரு முனை மட்டும்தான் எஞ்சினோடு இறுகப் பிடித்திருக்கிறது. மீதி நீளம் முழுவதும் வண்டிக்கு அடியில் ரப்பரில் தொங்குகிறது. கீழே சொல்லப்போகிற விதிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

எஞ்சினிலிருந்து வால் வரை

பாகங்களின் பெயரைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சிலிண்டர் ஹெட்டிலிருந்து வரும் புகைவழிகளை ஒன்றாகச் சேர்ப்பது மேனிஃபோல்டு. அங்கிருந்து வண்டிக்கு அடியில் இறங்குவது டவுன் பைப். அதில் அல்லது அதை அடுத்து, கம்பியைப் பின்னி மூடிய, நெளியக்கூடிய ஒரு சிறு பகுதி பல கார்களில் இருக்கும். அது ஃபிளெக்ஸ் பைப். பிறகு புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்டர் (சில வண்டிகளில் இது மேனிஃபோல்டை ஒட்டியே வந்துவிடும், டீசல் வண்டியாக இருந்தால் கரியைப் பிடிக்கும் ஃபில்டரும் சேரலாம்). அப்புறம் நடு பைப், சிலவற்றில் ரீங்காரத்தைக் குறைக்கும் ஒரு குட்டி ரெசனேட்டர், பின்னால் சத்தத்தை அடக்கும் பெரிய மஃப்ளர், கடைசியில் டெயில் பைப். பேச்சு வழக்கில் மஃப்ளரையும் சைலன்சர் என்போம், மொத்தத்தையும் சைலன்சர் என்போம். இந்தக் கட்டுரையில் மஃப்ளரைத்தான் அப்படிச் சொல்கிறேன்.

இவற்றை இணைக்கும் முறைகள் மூன்று. இரண்டு தட்டையான ஃபிளேஞ்சுகளுக்கு (பைப் முனையில் உள்ள, போல்ட் ஓட்டை போட்ட தட்டுகள்) நடுவில் கசிவை அடைக்கும் பேக்கிங் வைத்து போல்ட் போடுவது ஒன்று. உருண்டையான வளையப் பேக்கிங்கின் மேல் கிண்ண வடிவ ஃபிளேஞ்ச் உட்கார்ந்து, ஸ்பிரிங் வைத்த போல்ட்டுகளால் அழுத்தப்படுவது இன்னொன்று. ஒரு பைப்புக்குள் இன்னொரு பைப்பைச் செருகி மேலே கிளாம்ப் போடுவது மூன்றாவது. அலைன்மென்ட் என்று பார்த்தால் இவை மூன்றும் ஒரே மாதிரி ஒத்துழைக்காது. தட்டை ஃபிளேஞ்ச் அனேகமாக அசையவே விடாது, போல்ட் ஓட்டைகளில் உள்ள சிறு இடைவெளி மட்டும்தான் உங்களுக்கு மிச்சம். ஸ்பிரிங் மூட்டு சில பாகை வளைந்து கொடுக்கும். செருகு மூட்டுதான் தாராளம்: உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம், சுற்றியும் திருப்பலாம். ஆகவே ஒரு வண்டியைப் பார்த்ததும் செருகு மூட்டு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நீங்கள் செய்யக்கூடிய திருத்தம் பெரும்பாலும் அங்கேதான்.

ஏன் அசைய விட வேண்டும்

"நாலு இடத்தில் பட்டை வைத்து நன்றாக இறுக்கிவிட்டால் ஆடாதே?" என்று தோன்றுவது இயல்பு. இரண்டு காரணங்களால் அது நடக்காது.

முதல் காரணம் எஞ்சின். அது ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கம் சாயும். ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் சாயும். முன்சக்கரம் இழுக்கும் கார்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருப்பதால், அந்தச் சாய்வு முன்னும் பின்னுமாக வந்து நேரே டவுன் பைப்பை ஆட்டும். ஃபிளெக்ஸ் பைப்பும் ஸ்பிரிங் மூட்டும் இருப்பதே இந்த ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ளத்தான். ரிவர்ஸில் மட்டும் சத்தம் வருகிறது என்றால் அதற்குப் பொருளும் இதுதான்: எஞ்சின் அந்தப் பக்கம் சாயும்போது மட்டும் பைப் எதையோ எட்டித் தொடுகிறது.

இரண்டாவது காரணம் சூடு. சாதாரண எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் சுமார் 0.012 மி.மீ. நீளும். கேட்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். 3 மீட்டர் பைப் சராசரியாக 300 டிகிரி சூடேறுகிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: ஏறத்தாழ 11 மி.மீ. வரும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் இன்னும் அதிகம், 16 மி.மீ. வரை போகும். முன் முனை எஞ்சினில் பிடித்திருப்பதால் இந்த நீளம் முழுவதும் பின்பக்கமாகத்தான் வளர்ந்தாக வேண்டும். வண்டியின் பாடியோ அந்த அளவு சூடாவதில்லை. அது வளராமல் அப்படியே நிற்கிறது. ஆறிய வண்டியில் பம்பரிலிருந்து 5 மி.மீ. தள்ளி அழகாக நிற்கும் டெயில் பைப், அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு பம்பரைச் சுட்டுக்கொண்டிருக்கலாம். காலையில் இல்லாத சத்தம் வண்டி சூடானபின் வருவதும், காலையில் கேட்ட சத்தம் சூடானதும் காணாமல் போவதும் இதனால்தான்.

இவ்வளவு நீளமும் ஆட்டமும் உள்ள ஒன்றை இறுக்கிக் கட்டினால் அந்த விசை எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? வெல்டிங் விளிம்பில் போகும், மேனிஃபோல்டு ஸ்டட்டில் (ஒரு முனை எஞ்சினில் பதிந்து, மறுமுனையில் நட்டு ஏறும் திருகுக் கம்பி) போகும், ஃபிளெக்ஸ் பைப்பின் பின்னலைக் கிழிக்கும். சிறிது காலத்திலேயே அதே இடத்தில் திரும்பத் திரும்ப விரிசல் விடும் பைப்பைப் பார்த்தால், விரிசலைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு அதை இழுத்துப் பிடித்திருப்பது எது என்று தேடுங்கள்.

கழற்றுவதற்கு முன்

இந்த வேலையில் பாதி, ஸ்பேனரை எடுக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. பழைய பைப் இத்தனை காலம் எங்கே எப்படித் தொங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. நாலு பக்கமிருந்தும் போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செருகு மூட்டு எவ்வளவு உள்ளே போயிருந்தது என்று சாக்பீஸாலோ பெயின்ட் பேனாவாலோ கோடு போடுங்கள். மூட்டின் இரண்டு பைப்பையும் சேர்த்து நீளவாக்கில் ஒரு கோடு இழுத்துவிட்டால், திருப்பிய கோணமும் பதிவாகிவிடும். ஒவ்வொரு ரப்பரும் நேராகத் தொங்குகிறதா, சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு பளபளப்பைத் தேடுங்கள். வண்டிக்கு அடியில் எல்லாம் மண்ணும் துருவுமாக மங்கிக் கிடக்கும். அதில் ஒரு இடம் மட்டும் நாணய அளவில் தேய்ந்து வெள்ளையாக மின்னினால், அங்கே உலோகமும் உலோகமும் உரசிக்கொண்டிருக்கின்றன. அதற்கு நேர் எதிரே இன்னொரு பளபளப்பு கட்டாயம் இருக்கும். கிராஸ் மெம்பரின் (வண்டிக்கு அடியில் குறுக்கே போகும் சட்டம்) விளிம்பு, ஹீட் ஷீல்டின் (சூட்டைத் தடுக்கும் தகடு) மடிப்பு, பின் ஆக்சிலுக்கு மேலே வளையும் பைப்பின் முதுகு ஆகியவை வழக்கமான இடங்கள். இந்தத் தடத்தை இப்போதே குறித்துக்கொள்ளாவிட்டால், புதுப் பைப் போட்டபின் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

பலர் தாண்டிப் போகிற ஒன்று எஞ்சின் மவுண்ட். அது வயதாகித் தொய்ந்திருந்தால் எஞ்சின் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அதோடு சேர்ந்து டவுன் பைப்பும் இடம் மாறியிருக்கும். அந்தக் கோணலுக்கு ஏற்ப எக்ஸாஸ்டை அட்ஜஸ்ட் செய்து மாட்டிவிட்டு, பிறகொரு நாள் மவுண்டை மாற்றினால் செய்த வேலை வீண். மவுண்ட் சந்தேகமாக இருந்தால் அதை முதலில் முடியுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

பாதுகாப்பு பற்றி நாலு வார்த்தை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. சமதரையில், ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தபிறகே தலையை உள்ளே விட வேண்டும். ஆறிய வண்டியில் மட்டும் வேலை செய்யுங்கள். கன்வெர்டர் வெளியே கறுப்பாக இருந்துகொண்டே கையைப் பொசுக்கும். துரு கொட்டிக்கொண்டே இருக்கும், கண்ணாடி போடாமல் மேலே பார்க்காதீர்கள். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுவது நல்லது. மேனிஃபோல்டு ஸ்டட் ஒன்று ஹெட்டுக்குள் உடைந்து நின்றுவிட்டால், அரை நாள் வேலை ஒரு வாரமாகும்.

எல்லாம் லூஸாக இருக்கட்டும்

இப்போது மையமான விதிக்கு வருகிறோம். எல்லா பாகங்களையும் மாட்டி முடிக்கும்வரை எந்த நட்டையும் இறுக்காதீர்கள்.

முன்பக்கப் பைப்பை மேனிஃபோல்டில் கொடுத்து நட்டை விரலால் ஏற்றுங்கள். நடு பைப்பைச் செருகி, கிளாம்பைச் சும்மா தொங்கவிடுங்கள். சைலன்சரை ரப்பர்களில் மாட்டுங்கள். மொத்தமும் லொடலொடவென்று ஆடிக்கொண்டு நிற்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். இந்த நிலையில் பைப்பைக் கையால் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்தால் அது தானாகவே ஒரு நடு நிலைக்கு வந்து நிற்கும். அந்த நிலையைப் பார்த்து எங்கே இடிக்கிறது, எங்கே இழுக்கிறது என்று கண்டுபிடித்து, செருகு மூட்டுகளைத் திருப்பியும் தள்ளியும் சரிசெய்த பிறகே இறுக்கம்.

இறுக்குவது முன்னிருந்து பின்னோக்கி. ஏன் அப்படி என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். முன்னால் உள்ள ஒரு மூட்டில் ஒரே ஒரு பாகை கோணல் என்று வையுங்கள். அங்கே நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அந்த மூட்டிலிருந்து 2 மீட்டர் பின்னால் போய்ப் பார்த்தால் பைப் 35 மி.மீ. விலகியிருக்கும். ஒரு அங்குலத்துக்கும் மேல்! டெயில் பைப் பம்பரின் வெட்டுக்கு நடுவில் வராமல் ஓரமாக நிற்கிறது என்றால், தவறு டெயில் பைப்பில் இருப்பது அபூர்வம். முன்னால் எங்கேயோ ஒரு மூட்டு சற்றே திரும்பியிருக்கிறது. பின்னிருந்து இறுக்கிக்கொண்டு முன்னே வந்தால், மிச்சமுள்ள கோணல் அத்தனையும் மேனிஃபோல்டு ஃபிளேஞ்சின் தலையில் வந்து விழும். அசைய இடமே இல்லாத மூட்டு அது. போல்ட்டைப் போட்டு இழுத்துச் சேர்த்துவிடலாம்தான். ஆனால் பேக்கிங் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் சீறும்.

எனக்குத் தெரிந்து நம்பகமான சோதனை இது: போல்ட்டைப் போடுவதற்கு முன்பே இரண்டு ஃபிளேஞ்சும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து நிற்க வேண்டும். ஓட்டைக்கு ஓட்டை நேராக இருந்து, போல்ட் விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். கடப்பாரையால் நெம்பினால்தான் போல்ட் நுழைகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, முன்னால் உள்ள மூட்டைத் தளர்த்துங்கள். போல்ட்டின் வேலை சேர்ந்திருப்பதைப் பிடித்துவைப்பது. பிரிந்திருப்பதை இழுத்துச் சேர்க்கிற வேலையை அதற்குக் கொடுத்தால் என்றைக்காவது ஒருநாள் பழிவாங்கும்.

மூட்டு மூட்டாக

ஃபிளேஞ்ச் மூட்டில் பழைய பேக்கிங்கைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அது ஒருமுறை நசுங்கியாயிற்று. இன்னொருமுறை நசுங்க அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு முகங்களையும் சுரண்டிச் சுத்தம் செய்து, புது நட்டு போட்டு, ஒரு போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், மாற்றி மாற்றி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இரண்டு ஃபிளேஞ்சுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுற்றிலும் சமமாகக் குறைந்துகொண்டே வருகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இறுக்கத்தின் அளவை அந்த வண்டியின் கையேட்டில் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் வையுங்கள்.

ஸ்பிரிங் மூட்டில் ஸ்பிரிங் முழுவதும் நசுங்கிக் கம்பியும் கம்பியும் ஒட்டிவிடக் கூடாது. அப்படி ஒட்டினால் மூட்டு வளையாது. அது இருந்தும் இல்லாத கதை. பெரும்பாலான போல்ட்டுகளில் குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடுவதற்கு ஒரு தோள் இருக்கும். அந்தத் தோள் உட்காரும்வரை இரண்டையும் சமமாக ஏற்றினால் போதும். நட்டு தோள் வரை போகாமல் நடுவில் நின்றால், துருப்பிடித்த மரையைச் சந்தேகியுங்கள்.

செருகு மூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பெரும்பாலான கசிவு இங்கேதான் வருகிறது. எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் பைப் உள்ளே போய், பின்னால் உள்ள பைப் அதை வெளியிலிருந்து மூடினால் புகை போகும் திசைக்கு அது ஒத்துவரும். செருகும் ஆழம் பொதுவாக ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம், அதாவது 38 முதல் 50 மி.மீ. வெளிப் பைப்பின் வாயில் நீளமாக வெட்டு விட்டிருப்பார்கள், கிளாம்ப் இறுகும்போது வாய் சுருங்குவதற்காக. உள் பைப் அந்த வெட்டின் முடிவைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு வழியாகவே புகை வெளியே போகும், கிளாம்பை எத்தனை இறுக்கினாலும் நிற்காது. நீளம் போதவில்லை என்று ஓரத்தில் மட்டும் செருகிவிட்டு கிளாம்ப் போடுவதை அங்கங்கே பார்க்கலாம். சூட்டில் நீண்டு சுருங்கும்போது அது தானே கழன்று வரும். அதே சமயம் அளவுக்கு மீறி உள்ளே தள்ளிவிட்டால் பின்னால் உள்ளதெல்லாம் முன்னே வந்து ரப்பர்கள் சாய்ந்துவிடும். போட்டுவைத்த சாக்பீஸ் கோடு இங்கே கைகொடுக்கும்.

கிளாம்பில் இரண்டு வகை பரவலாக இருக்கின்றன. யூ வடிவப் போல்ட் கிளாம்ப் பைப்பையே நசுக்கிப் பிடிக்கும். நன்றாகப் பிடிக்கும், ஆனால் அடுத்தமுறை அந்த மூட்டைப் பிரிக்க வெட்டரம்தான் வேண்டியிருக்கும். பட்டைக் கிளாம்ப் சுற்றிலும் சமமாக அழுத்தும், பைப்பைக் கெடுக்காது, பிறகு திருத்தம் செய்யவும் இடம் கொடுக்கும். முதல்முறை இந்த வேலையைத் தொடுகிறவர் பட்டைக் கிளாம்பையே வாங்கலாம் என்பது என் கருத்து. எந்தக் கிளாம்பாக இருந்தாலும் அதன் போல்ட் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். கீழே நீட்டிக்கொண்டிருந்தால் வேகத்தடையில் உரசும். பிரேக் லைன் பக்கம் திரும்பியிருந்தால் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

ஃபிளெக்ஸ் பைப் நேராகவும் ஓய்வாகவும் இருக்க வேண்டும். முறுக்கிக்கொண்டோ, இழுபட்டோ, ஒருபக்கம் நசுங்கியோ நிற்கக் கூடாது. மற்ற எல்லா மூட்டிலும் உள்ள கோணலை இதன் மேல் ஏற்றிவிடுவது பெரிய ஆசை, ஏனென்றால் அது வளைந்து கொடுக்கிறதே! ஆனால் அது வளைவது எஞ்சின் ஆட்டத்துக்காக வைத்த சேமிப்பு. மாட்டும்போதே அதைச் செலவழித்துவிட்டால் ஓடும்போது மிச்சமிருக்காது. கழற்றும்போதும் கவனம் தேவை: பின் பைப்பைப் பிரித்துவிட்டு முன் பைப்பை அந்தரத்தில் தொங்கவிட்டால் மொத்த எடையும் ஃபிளெக்ஸ் பைப்பில் விழுந்து அது மடிந்துவிடும். 10 பாகைக்கு மேல் மடிக்கக் கூடாது என்று எச்சரிக்கிற கையேடுகள் உண்டு. ஒரு கம்பியாலோ கயிற்றாலோ தாங்கிப் பிடித்துக் கட்டிவிடுங்கள்.

ரப்பர் சொல்லும் சேதி

எல்லாம் மாட்டியபின் நான் முதலில் பார்க்கச் சொல்வது ரப்பர்களைத்தான். ஒழுங்காகக் கட்டிய ஊஞ்சலில் இரண்டு சங்கிலியும் ஒரே இழுப்பில் இருப்பது போல, ஒவ்வொரு ரப்பரும் தன் பங்கு எடையைத் தாங்கி லேசாக நீண்டிருக்க வேண்டும். ஒன்று விறைத்து நீண்டும் பக்கத்திலுள்ளது தொளதொளவென்றும் இருந்தால், பைப் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் முன்னால் உள்ள ஏதோ ஒரு மூட்டு பைப்பை அந்தப் பக்கம் தள்ளுகிறது. ரப்பர்கள் முன்னோக்கிச் சற்றே சாய்ந்திருந்தால் மட்டும் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். சூட்டில் பைப் பின்னால் வளரும்போது நேராகிவிடட்டும் என்று சில தயாரிப்பாளர்கள் ஆறிய நிலையில் வேண்டுமென்றே அப்படி வைக்கச் சொல்கிறார்கள். பின்னோக்கிச் சாய்ந்திருந்தால்தான் கவலை, சூடானதும் அது இன்னும் மோசமாகும்.

பழைய ரப்பரை விரலால் மடித்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவதைவிட எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவது மேல். புது ரப்பர் விறைப்பாகவும் பழையது தொய்வாகவும் இருந்தால் பைப் சாய்ந்தே தொங்கும். கம்பியில் ஏற்றச் சிரமமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ வேண்டாம், ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும். ரப்பர் அறுந்ததற்குப் பதிலாக இரும்புக் கம்பியால் கட்டிவிடுவது வழியில் வீடு வந்து சேர உதவும். நிரந்தரமாக விட்டுவைத்தால் பைப்பின் அதிர்வு முழுவதும் பாடிக்கு ஏறும்.

எவ்வளவு இடைவெளி?

வண்டிக்கு வண்டி மாறும் என்றாலும், பைப்புக்கும் பாடிக்கும் இடையில் ஒரு அங்குலம், சுமார் 25 மி.மீ., இருந்தால் பொதுவாக நிம்மதி. விரலை மடக்கி இடுக்கில் விட்டுப் பார்ப்பது பட்டறை வழக்கம். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், டேங்க், மின் ஒயர், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் அதைவிடத் தாராளமாக இருக்கட்டும். நடுவில் ஹீட் ஷீல்டு இருக்க வேண்டிய இடத்தில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள். சத்தம் போடுகிறது என்று யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து எஞ்சின் கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரின் ஒயர் பைப்பின் மேல் படுத்திருக்கக் கூடாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வண்டி லிஃப்டில் தூக்கி நிற்கும்போது சக்கரங்கள் தொங்கும், பின் ஆக்சிலும் கீழே இறங்கியிருக்கும். ஆக்சிலுக்கு மேலே வளைந்து போகும் பைப்புக்கு அப்போது ஏராளமான இடம் இருப்பதுபோலத் தெரியும். வண்டியை இறக்கி, பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, ஒரு பள்ளத்தில் விழுந்தால் அந்த ஆக்சில் மேலே வந்து பைப்பை முட்டும். மாறாக, ஆக்சிலுக்குக் கீழே போகும் பைப் என்றால் சக்கரம் தொங்கும்போதுதான் இடிக்கும். ஆகவே இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும்: தூக்கிய நிலையில் ஒருமுறை, வண்டியின் எடை ஆக்சிலின் மேல் விழும்படி ஆக்சிலுக்கு ஸ்டாண்டு கொடுத்தோ நாலு சக்கரமும் ஏறி நிற்கும் மேடையில் வைத்தோ இன்னொருமுறை.

டெயில் பைப் பாடியைத் தாண்டிச் சற்று வெளியே நீண்டிருக்க வேண்டும். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் அங்கே விடும் புகை சுழன்று டிக்கி இடுக்கு வழியாக உள்ளே வர வாய்ப்புண்டு. பம்பருக்கு உள்ளேயே முடிந்துவிட்ட பைப் அந்த வாய்ப்பைக் கூட்டுவதோடு பிளாஸ்டிக் பம்பரையும் உருக்கும்.

வெல்டிங் என்றால்

புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்வதானால், பைப்பை அதன் இடத்தில் தொங்கவிட்டு நாலு புள்ளி மட்டும் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அதைக் கழற்றி வெளியே எடுத்து முழு வெல்டிங் செய்வது நல்லது. ஒரு பக்கமாகத் தொடர்ந்து வெல்டிங் ஓட்டினால் அது ஆறும்போது சுருங்கிப் பைப்பைத் தன் பக்கம் இழுக்கும். சரியாகப் பார்த்த அலைன்மென்ட் அங்கேயே போய்விடும். எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிச் செய்தால் இழுப்பு சமமாகும். வண்டியிலேயே வைத்துச் செய்துதான் ஆக வேண்டும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். டேங்க் பக்கத்தில் என்றால் செய்யவே வேண்டாம்.

கசிவைப் பார்ப்பது

எஞ்சினை ஆறிய நிலையில் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, தடிமனான கையுறை போட்டு மடித்த துணியால் டெயில் பைப்பின் வாயை ஓரளவு மறையுங்கள். உள்ளே அழுத்தம் கூடி, கசியும் மூட்டு 'புஸ்ஸ்' என்று காட்டிக்கொடுக்கும். இன்னும் சூடேறாத மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் குமிழி வரும். மேனிஃபோல்டு பக்கம் 'டிக் டிக்' என்று எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து கேட்கும் சத்தம், சூடானதும் குறைந்துவிட்டால், பேக்கிங் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகிக்கலாம். டெயில் பைப்பிலிருந்து தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். எரிபொருள் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது, ஆறிய பைப்பில் அது படிந்து சொட்டுகிறது.

சத்தம் இல்லையே என்று சின்னக் கசிவை விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு இரண்டு காரணம். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேபினுக்கு அடியில் கசிந்தால் உள்ளே இருப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும், அதற்கு மேலும் நேரலாம். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடக் கூடாது என்று சொல்வதும் அதனால்தான். இன்னொரு காரணம் முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார். எக்ஸாஸ்டில் புகை ஒரே சீராகப் போவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கணநேரம் உள்ளே அழுத்தம் குறையும். சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் அந்தக் கணத்தில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து, எரிபொருள் போதவில்லை என்று சொல்லும். கணினி பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறைகிறது, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது என்று சென்சாரை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. குற்றவாளி கோணலாக இறுக்கிய ஒரு ஃபிளேஞ்சாக இருக்கும்.

பைக்கிலும் இதே கதை

இருசக்கர வண்டியில் நீளம் குறைவு, மூட்டும் ஓரிரண்டுதான். விதி மாறுவதில்லை. சிலிண்டர் ஹெட் வாயில் புது வளையப் பேக்கிங்கை வைத்து, பைப்பைக் கொடுத்து, இரண்டு நட்டையும் விரலால் ஏற்றுங்கள். பின்னால் ஃபிரேமில் பிடிக்கும் போல்ட்டையும் லூஸாகப் போடுங்கள். இப்போது சைலன்சரைக் கையால் லேசாக ஆட்டி அதன் இடத்தில் படிய விட்டு, ஹெட் நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கியபின் ஃபிரேம் போல்ட்டை இறுக்க வேண்டும். வரிசையை மாற்றி ஃபிரேம் போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டால் பைப்பின் வாய் ஹெட்டில் சாய்ந்து உட்காரும். பேக்கிங் சீறும், ஆக்சிலரேட்டரை விடும்போது 'பட் பட்' என்று வெடிக்கும், நாளாவட்டத்தில் ஹெட்டிலுள்ள ஸ்டட்டோ சைலன்சர் பிராக்கெட்டோ விரிசல் விடும். ஃபிரேம் ஓட்டையும் பிராக்கெட் ஓட்டையும் நேராக வரவில்லை என்றால் இழுத்துச் சேர்க்காமல், நடுவில் உள்ள இடைவெளிக்குத் தகுந்த வாஷரைக் கொடுங்கள்.

ஓட்டிப் பார்த்தபின்

மாட்டி முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றுங்கள். பைப்பின் மேல் தடவிய எண்ணெயும் கைரேகையும் முதலில் புகைந்து நாறும். சிறிது நேரத்தில் நின்றுவிடும். சூடாக இருக்கும்போதே, தொடாமல், டார்ச் அடித்து டெயில் பைப் எவ்வளவு பின்னால் வந்திருக்கிறது, ரப்பர்கள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். ஒருவரை உட்காரவைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முன் கியரிலும் ரிவர்ஸிலும் லேசாக எஞ்சினுக்குச் சுமை கொடுக்கச் சொல்லி, நீங்கள் பக்கவாட்டில் நின்று கேளுங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்க வேண்டாம், அடியில் போகவே வேண்டாம்.

பிறகு முழுவதும் ஆறவிட்டு எல்லா கிளாம்பையும் ஃபிளேஞ்சையும் ஒருமுறை சரிபாருங்கள். முதல் சூட்டில் பேக்கிங் அமுங்கி நட்டு சற்றுத் தளர்ந்திருக்கும். சில நாள் ஓட்டியபின் டார்ச்சோடு இன்னொருமுறை அடியில் பார்த்து, எங்காவது புதிதாகப் பளபளப்புத் தெரிகிறதா என்று தேடுங்கள். தெரிந்தால், அதற்கு முன்னால் உள்ள செருகு மூட்டின் கிளாம்பைத் தளர்த்தி, பைப்பை அந்தப் பளபளப்பிலிருந்து விலகும் பக்கமாகச் சற்றே திருப்பி இறுக்குங்கள். ஒரு பாகை திருப்பினாலே போதுமானதாக இருக்கும்.